கடைசி வரிக்கு இருபத்துநாலு

வெள்ளிக்கிழமை துவைக்கிற நாள். ஆர்ஜாவின் வீட்டில் ஆறு பேர் தங்கிச் சாப்பிட்டார்கள். ஆறு பேரும் கல் பட்டறை ஆட்கள். அவர்களுடைய சட்டைகளோடு அண்ணன் ஒரேஸ்தேயின் சட்டைகளும் வந்து சேரும், அண்ணி இனேஸுக்குக் கை மூட்டுகளில் வீக்கம் என்பதால். பட்டறைச் சட்டையை நேரே தண்ணீரில் போடக் கூடாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போய் உதற வேண்டும். அப்புறம்தான் ஊறப்போட வேண்டும். அப்படியும் மறுநாள் தொட்டியின் அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு உட்கார்ந்திருக்கும். அதைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டியே அவளிடம் இருந்த இரும்புக் கரண்டி ஒன்று முனை தேய்ந்துவிட்டது. ஆறு சட்டைக்கு இவ்வளவு என்றால் ஆறு நெஞ்சுக்கு எவ்வளவு என்று அவள் நினைக்காத வெள்ளிக்கிழமை கிடையாது.

அன்றைக்குப் பாரே ஊரில் முதல் பனி விழுந்திருந்தது. கொல்லையில் சட்டையை உதறிக்கொண்டிருந்தவள் முன்னால் கடைசித் தம்பி தேலியோ வந்து நின்றான். பேக்கரியிலிருந்து நேரே வந்திருக்கிறான். காது மடலில் மாவு. இடுப்பில் புதுத் தோல் முன்துணி கட்டியிருந்தான்.

"எப்படி இருக்கு அக்கா? நெல்லோ மாமா தைச்சுக் குடுத்தாரு. செருப்புத் தைக்கிற தோல்தான், ஆனா கல்லு பட்டாலும் கிழியாதாம்."

"ரொட்டி சுடுறவனுக்கு எதுக்குடா தோல்?"

"திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்குப் பட்டறை. அண்ணன் மேஸ்திரி மக்ரேகிட்டப் பேசி முடிச்சாச்சு. பெர்த்தோலா கல்லு செதுக்குன மேடை எனக்கு."

ஆர்ஜா கையிலிருந்த சட்டையைக் கீழே விட்டுவிட்டாள். பெர்த்தோலாவைப் புதைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரேஸ்தேயின் மேடைக்கு அடுத்த மேடையில் பதினொரு வருஷம் நின்று அடுத்தவர்களுடைய கல்லறைகளில் ரோஜாப்பூ செதுக்கியவன். போகும்போது முப்பத்தெட்டு கிலோ இருந்தான்.

"பெர்த்தோலா படுத்த இடத்துல புல்லுகூட முளைக்கலடா."

"அவரு பாடமாட்டாரே அக்கா."

"என் புருஷனும் பாடமாட்டாருதான்."

தேலியோ தலையைக் குனிந்துகொண்டான். "அத்தானப் பத்தி நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"நீ எதுக்குச் சொல்லணும்? பிரீமோ வாயைத் தொறந்தா தெருநாய் எந்திரிச்சுப் போயிரும்னு உங்கண்ணன் சொல்லாத நாள் உண்டா? செத்த வீட்டுலயும் அதைத்தானே சொன்னாரு. பாடியிருந்தா பொழைச்சிருப்பானாம்."

"மாவும் தூசிதான். நான் இருமலயே. ஏன்? பாடுறேன்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இருபத்து நாலு வயது. அடுத்த வசந்தத்தில் கல்யாணம். பட்டறையில் பேக்கரியைப் போல மூன்று மடங்கு சம்பளம். சின்ன வயதில் சோப்புக் கட்டியில் அவன் செதுக்கிய புறாவை ஒரேஸ்தே இன்னும் ஜன்னலில் வைத்திருக்கிறார். அந்தக் கையை மாவில் வைத்திருப்பது பாவம் என்பது அவருடைய கட்சி.

பாடுகிறவன் நெஞ்சில் தூசி உட்காராது. இதை அவர்களுடைய அப்பா சொன்னார். கரரா மலைக்கு மேலே குளிரடிக்கிற ஒரு கிராமத்திலிருந்து பளிங்கு வெட்டிய கையோடு கப்பலேறி இந்தக் கருங்கல் ஊருக்கு வந்தவர். பளிங்குத் தூசி மனிதனைக் கொல்லாது. கருங்கல் தூசி கொல்லும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே சாரத்திலிருந்து விழுந்து நல்லபடியாகச் செத்துப்போனார். அவர் விட்டுப்போனது ஐந்து குரலில் பாடுகிற பாட்டுகளும் ஒரு சோதனையும். 'மலையிறங்கினவன்' என்று ஒரு பாட்டு உண்டு. அதன் கடைசி வரியில் அடிக்குரல்காரனுக்குச் சொல்லே கிடையாது. 'ஓ' என்று ஒரே இழுப்பு. கித்தாரைப் போல ஒலிக்கிற கித்தார்க்குரல் இருபத்துநாலு முறை 'தும்' போடும்வரை அந்த 'ஓ' ஒரே மூச்சில் நிற்க வேண்டும். நின்றால் நெஞ்சு சுத்தம். வருஷா வருஷம் மார்ட்டின் புனிதர் நாளில், புது ஒயின் பீப்பாயைத் திறக்கிற அன்று, சங்கக் கூடத்தில் ஊர் முன்னால் இந்தச் சோதனை நடக்கும். டாக்டர் சொல்வதை நம்பாத பட்டறைக்காரர்கள்கூட ஒரேஸ்தேயின் 'ஓ'வை நம்பினார்கள்.

அந்த 'ஓ' பொய் என்பது ஆர்ஜாவுக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் செய்ததே அவள்தான்.

வட்டமாக நின்று, சபைக்கு முதுகு காட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவது அவர்கள் வழக்கம். ஒருமுறை நகர மேயர், யாரோ தன்னை அவமானப்படுத்துவதாக நினைத்து எழுந்தே போய்விட்டார். இனேஸ் பாட்டை எடுப்பாள். தேலியோ நடுக்குரல். இனேஸின் தம்பி நெல்லோ வாய்க்கு முன்னால் புறங்கையை வைத்துக்கொண்டு வாயாலேயே கித்தார் வாசிப்பான். ஒரேஸ்தே அடிக்குரல். ஆர்ஜா மேல்குரல். வரியை எப்போது மூடுவது என்பது மேல்குரலின் உரிமை. அவள் இடது கை விரல்களை மடக்கினால் எல்லாரும் நிறுத்த வேண்டும். அடிக்குரல்காரன் எண்ணமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பான். விரல் மடங்கும்போது மேல்குரல் சன்னமாக ஒரு வளைவு வளையும். அதைக் காதால் கேட்டு நிறுத்துவான். சபையிலும் யாரும் எண்ணுவதில்லை, மேல்குரல் மூடினால் இருபத்துநாலு ஆயிற்று என்று நம்பிவிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பிரீமோவைப் புதைத்த இரண்டாவது மாதம், ஒத்திகையில் அவள் அண்ணனின் கழுத்து நரம்பைப் பார்த்தாள். இருபதாவது 'தும்'மில் அது புடைத்தது. இருபத்திரண்டில் உதடு நீலம் பூத்தது. புருஷனின் உதட்டில் அந்த நிறத்தை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தாங்கவில்லை. விரலை மடக்கிவிட்டாள். அண்ணன் கண்ணைத் திறந்து, "பாத்தியா, ஒரே மூச்சு!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் முன்னால் மடக்கினாள். அண்ணனுக்கு மூச்சு எங்கே முடியும் என்று அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் கிழிந்த பூட்ஸைத் தூக்கிக்கொண்டு நெல்லோவின் கடைக்குப் போனாள். நெல்லோ வாயில் ஆணிகளோடு உட்கார்ந்திருந்தான்.

"தோல் முன்துணி தைச்சுக் குடுத்தியாமே. கூடவே சவப்பெட்டிக்கும் அளவு எடுத்துட்டியா?"

நெல்லோ ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினான். "என்மேல ஏன் பாயுற? மச்சான் கேட்டாரு, தைச்சேன்."

"போன வருஷம் கடைசி வரிக்கு எத்தனை போட்ட?"

நெல்லோ பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்குறேன். எத்தனை?"

"பதினஞ்சு."

"அதுக்கு முந்தி?"

"பதினெட்டு. அதுக்கு முந்தி இருபத்திரண்டு. ஏன் ஆர்ஜா, நான் என்ன செவிடா? வாயால எண்ணுறவன் நான். நீ மடக்குற, நான் நிறுத்துறேன். ஊரைக் கெடுக்க எனக்கு என்ன வேண்டுதலா?"

"நாளைக்கு நான் மடக்கமாட்டேன்."

நெல்லோ அவளை நிமிர்ந்து பார்த்தான். "பைத்தியமா உனக்கு? ஊரு முன்னாலயா? அந்த மனுசன் செத்துருவாரு."

"செத்துக்கிட்டுதான் இருக்காரு. நான் சின்னவனக் காப்பாத்தணும். வேற எப்படிச் சொல்லுவ அவன்கிட்ட? சொன்னா கேக்குறானா? அண்ணன் குரலைத்தான் கேப்பான்."

"மச்சான்கிட்டயே சொல்லிப் பாரு. தனியா."

சொல்லிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே. ஒரேஸ்தே நிலவறையில் பீப்பாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒயினை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அக்டோபரில் ரயிலில் வந்த கலிபோர்னியா திராட்சையை அவரும் தேலியோவும் மிதித்துப் பிழிந்தது. மதுவிலக்குப் போய் மூன்று வருஷமாகியும் பழக்க தோஷத்தில் நிலவறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் குடிப்பார்.

"அண்ணே, சின்னவன் பேக்கரியிலயே இருக்கட்டும்."

"வந்துட்டியா? உனக்காகத்தான் காத்திருந்தேன். இந்தா, குடிச்சுப் பாரு. புளிப்பு இருக்கா?"

"பிரீமோ மாதிரி, பெர்த்தோலா மாதிரி இவனும் ஆகணுமா?"

"அவன் என் தம்பிடி." ஒரேஸ்தே பேச்சுக்கு நடுவே நிறுத்தி, பாத்திரத்தைக் கீழே வைக்கிற சாக்கில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "எம் பக்கத்துல நிப்பான். முப்பது வருஷமா நான் நிக்கல? அந்த டாக்டரு வந்து நெஞ்சைப் படம் புடிச்சு, ஜன்னல்ல வச்சுக் காட்டி, உள்ள பனி விழுந்திருக்கு, உடனே வேலைய விடுன்னு சொன்னானே, ரெண்டு வருஷம் ஆச்சா? அந்த வருஷம் மார்ட்டின் நாள்ல எழுந்து நின்னு ஒரே மூச்சுல இழுத்தேனா இல்லையா?"

"இழுத்தீங்க."

"டாக்டரு கூட்டத்துல உக்காந்திருந்தான். கை தட்டுனான்!"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அவரை முக்காலியோடு ஆட்டியது. அது அடங்குவதற்குள் ஆர்ஜா ஒயினில் புளிப்பு இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டாள். சொல்லவேண்டியதை மட்டும் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வருஷத்தை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மார்ட்டின் நாள், சங்கக் கூடத்தில் உட்கார இடமில்லை. மக்காச்சோளக் களியைப் பலகையில் கொட்டி நூலால் அறுத்துப் போட்டார்கள். முயல் குழம்பு, காளான், கஷ்கொட்டை மாவுப் பணியாரம். விதவைகள் ஒரு மேசை முழுக்க இருந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் அந்த மேசைதான் நீளமாகிறது. ஆண்கள் எல்லா மேசையிலும் இருமினார்கள். இருமலுக்கு நடுவே கேலி பேசினார்கள்.

மேஸ்திரி மக்ரே வந்து தேலியோவின் தோளைத் தட்டினான். "நாளைக்கு ஏழு மணி, தெரியும்ல? ஏழுன்னா ஏழு."

"ஆறே முக்காலுக்கே அவனைக் கொண்டாந்து நிறுத்துறேன்" என்றார் ஒரேஸ்தே. காலரும் டையும் கட்டி, மீசைக்கு மெழுகு போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தன்னுடைய உளிப் பையை, புதுத் தோல் முன்துணியோடே வந்திருந்த தேலியோ கையில் சபை முன்னாலேயே கொடுத்தார். கைதட்டல் விழுந்தது. இனேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டுக்கு எழுந்தார்கள். வட்டம் கூடியது. இனேஸ் எடுத்தாள். மலையிறங்கிப் போகிறவனிடம் அவன் வீடு, கிணறு, ஆடு எல்லாம் ஒவ்வொன்றாக எப்போது வருவாய் என்று கேட்கும். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் சொல்வான். கடைசியில் மலை கேட்கும். மலைக்குச் சொல்ல அவனிடம் சொல் இல்லை, 'ஓ' மட்டும்.

ஆர்ஜா இடது கையை விரித்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டாள். ஒரேஸ்தே கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஆரம்பித்தார். மேசைமேல் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் லேசாக அதிர்ந்தன. குரலில் குறையே இல்லை. நெல்லோ புறங்கைக்குப் பின்னால் தும், தும் என்று போட்டுக்கொண்டு அவளையே பார்த்தான்.

பத்து. பதினொன்று. கழுத்து நரம்பு புடைத்தது. பன்னிரண்டில் இந்த வருஷம் மடக்கவேண்டிய இடம் வந்தது. அவளுடைய விரல்கள் தாமாகவே மடங்கப் பார்த்தன. கையை இறக்கிக் கட்டைவிரலைப் பாவாடை நாடாவில் மாட்டிக்கொண்டாள். மடக்கிவிடு, மடக்கிவிடு என்று நெல்லோவின் கண் கெஞ்சியது. பதின்மூன்று. ஒரேஸ்தே மேல்குரலின் வளைவுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தார். தங்கையை நேராகப் பார்த்தார். பதினாலில் குரல் நடுவே கிழிந்தது. வாய் 'ஓ' என்றே திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

அவள் நிறுத்தவில்லை. பதினைந்து, பதினாறு, பதினேழு. கீழே தாங்க ஆளில்லாமல் அவள் குரல் மட்டும் தனியாக நின்றது. இனேஸ் பாதியில் அழ ஆரம்பித்தாள். தேலியோவின் நடுக்குரல் தடுமாறி நின்றது. இருபத்துநாலாவது 'தும்'முக்கு ஆர்ஜா விரலை மடக்கினாள். கூடத்தில் ஒரு ஆளும் இருமவில்லை.

கூடத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற அறையில் ஒரேஸ்தேயைக் கவிழ்த்துப்போட்ட தொட்டிமேல் உட்கார வைத்தார்கள். இருமி முடிய நேரமாயிற்று. இனேஸ் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு மடித்து மறைத்தாள்.

"சளிதான்" என்றார் ஒரேஸ்தே. "நிலவறை ஈரம்."

"ஆமாண்ணே, சளிதான்" என்றான் தேலியோ. உளிப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "நீங்க ஒரு வாரம் வீட்டுல படுங்க. நாளைக்கு நான் மட்டும் போறேன்."

ஆர்ஜாவுக்கு அப்போதுதான் உயிரே போயிற்று. ஊர் முன்னால் அண்ணனை அம்மணமாக்கியும் இவன் போகிறேன் என்கிறான். அண்ணனுடைய கடைசிப் பிடியையும் பிடுங்காமல் இது முடியாது என்று தெரிந்துவிட்டது.

"சளி இல்லடா. போன வருஷமும் அவரால முடியல. அதுக்கு முந்தின வருஷமும் முடியல. நான் முன்னாலயே மடக்கிட்டேன்."

"எதை மடக்குன?" என்றார் ஒரேஸ்தே.

"வரிய."

"நெல்லோ, இவ என்ன உளறுறா?"

நெல்லோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "போன வருஷம் பதினஞ்சு மச்சான். அதுக்கு முந்தி பதினெட்டு. அதுக்கும் முந்தி இருபத்திரண்டு."

ஒரேஸ்தே பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, விரல்களால் எதையோ எண்ணுவதுபோல் அசைத்தார்.

"டாக்டரு படம் காட்டுன வருஷம்?"

"பதினெட்டு" என்றாள் ஆர்ஜா.

"அப்ப நீ நீட்டியிருந்தா..."

"முடிஞ்சிருக்காது."

"நான் அன்னிக்கே வெளிய வந்திருப்பேன்டி." அவர் சத்தம் போடவில்லை. போட முடியவுமில்லை. "அவன் சொன்னான், இப்ப விட்டா இன்னும் பத்து வருஷம் இருப்பன்னு. நான் சிரிச்சேன். எதை நம்பிச் சிரிச்சேன்? உன் வாயை நம்பி."

"அண்ணே, எனக்குப் பாக்க முடியல. பிரீமோ மாதிரியே உதடு..."

"பாத்திருக்கணும்."

அவர் சொன்னது நிஜம். மூன்று வருஷமாக அவள் காப்பாற்றியது அண்ணனுடைய சிரிப்பை. அதற்கு விலையாகப் போனது அவருடைய நெஞ்சு. அங்கே பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீரில் தலையை முக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரேஸ்தே தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டார். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, அவன் நெஞ்சில் காதை வைத்தார். "நெல்லோ, போடு. டேய், நீ இழு. கடைசி வரி."

"அண்ணே, இப்பவா..."

"இழுடா."

நெல்லோ புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனான். தேலியோ அழுதுகொண்டே 'ஓ' என்று இழுத்தான். அடிக்குரல் அவனுக்குச் சரியாகப் படியவில்லை, ஆனால் மூச்சு போய்க்கொண்டே இருந்தது. இருபத்துநாலு தாண்டியும் போயிற்று. ஒரேஸ்தே காதை எடுக்கவில்லை. அவனாக நிறுத்தியபிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"ஒரு கீறல் இல்ல" என்றார். அவன் கையிலிருந்த உளிப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தோல் முன்துணியை அவிழ்க்கச் சொன்னார். "மாவுக்கே போடா. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். என் மேடையையும் வேற ஆளு பாத்துக்கச் சொல்றேன்."

தேலியோ அதை அவிழ்த்துவிட்டு, அண்ணன் தலையைத் தடவிக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். ஒரேஸ்தேயின் வீடு மேட்டில் இருந்தது. நெல்லோவும் இனேஸும் பாத்திரங்களோடு பின்தங்கிவிட்டார்கள், தேலியோ அடுப்பு மூட்ட முன்னால் ஓடிவிட்டான். பனியில் ஒரேஸ்தேயும் ஆர்ஜாவும் மட்டும் நடந்தார்கள். அவர் உளிப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை.

ரொட்டிக்கடை முனையில் அவருக்கு மூச்சு முடியப்போகிறது என்று ஆர்ஜாவுக்குத் தெரிந்தது. பழக்கம். பூட்ஸ் கயிறு அவிழ்ந்ததுபோல் குனிந்து நின்றாள். அவரும் நின்றார். வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மறுபடியும் நடந்தார்கள். இருபது எட்டு போனதும் அவள் மறுபடியும் நின்றாள், கையுறையைத் தேடுவதுபோல.

ஒரேஸ்தே அவளைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் முதல் தடவையாகப் பேசினார்.

"எனக்காக நிக்காதே. நட."

"அண்ணே..."

"நடடி. நான் எங்க நிக்கிறேன்னு நானே தெரிஞ்சுக்கிறேன்."

அவள் நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்னால் அவருடைய காலடி நாலு எட்டு வந்தது, நின்றது. அப்புறம் மூன்று எட்டு வந்தது. மேடு ஏற ஏற, காலடிக்கும் காலடிக்கும் நடுவே இருந்த நேரத்தை அவள் எண்ணிக்கொண்டே போனாள்.